பின்சில்லின் பிடிமானம்: மன்னார்த் தீவு வீதிகளில்

மதவாச்சியில் தொடங்கும் ஏ14 வீதி சுமார் 114 கிலோமீற்றர் ஓடித் தலைமன்னாரில் முடிகிறது. அதன் கடைசிப் பகுதிதான் தீவின் மேல் கிடக்கிறது. ஏற்ற இறக்கம் இல்லாத, பெரும்பாலும் நேரான, காப்பெட் போட்ட வீதி. மலைநாட்டு வளைவுகளில் ஓடிப் பழகிய சாரதிகூட இங்கே வந்ததும் காலைத் தளர்த்தி எக்சிலேட்டரில் வைத்துவிடுவார். பின்சில்லு வழுக்கும் வாகனங்களில் பல இப்படித்தான் ஏமாறுகின்றன. இந்தத் தீவு முழுவதும் மணல். மே முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் சோளகக் காற்று அதை அள்ளித் தார் மேல் பரப்புகிறது. ஒரு பனங்கூடலின் மறைவில் சுத்தமாக இருக்கும் வீதி, கூடல் முடிந்ததும் மணல் தூவிய வீதியாக மாறிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே நிறம். சில்லுக்கு மட்டும் வேறு.

பின்சில்லு இழுக்கும் பலமான வாகனம் என்றதும் ஸ்கைலைன், மார்க் டூ, பீஎம்டபிள்யூ போன்றவைதான் நினைவுக்கு வரும். அவற்றுக்கும் இந்த அத்தியாயம் பொருந்தும். ஆனால் தலைமன்னார் வீதியில் நாள்தோறும் ஓடும் பலமான பின்சில்லு வாகனம் ஹைஏஸ் வான்தான். 2004 இல் வெளிவந்த, நம்மவர் ‘கேடிஎச்’ என்று சொல்லும் அந்த வானின் 3 லீற்றர் டீசல் இயந்திரம் சுமார் 300 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை தருகிறது; அதையும் குறைந்த சுழற்சியிலேயே தருகிறது. இரட்டைக் கெபின் பிக்கப்புகளும் இதே இனம். நான்கு சில்லு வசதி இருந்தாலும், அதைப் பூட்டாதவரை பல பிக்கப்புகள் வெறும் பின்சில்லு வண்டிகள்தான். காய்ந்த தாரில் அதைப் பூட்டி ஓடவும் கூடாது. முன் அச்சும் பின் அச்சும் வளைவில் வேறு வேறு வேகத்தில் உருள வேண்டியிருக்க, நடுவில் அதற்கு இடம்கொடுக்கும் டிபரன்ஷியல் இல்லாத வண்டியில் கியர்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும்.

எவ்வளவு பலம், எவ்வளவு பிடி

ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியின் எடை 1,600 கிலோ. அதில் பின் அச்சில் நிற்பது 800 கிலோ. காய்ந்த சுத்தமான தாரில் டயர், தன் மேல் நிற்கும் எடையில் பத்தில் ஒன்பது பங்குவரை தள்ளுவிசையாகத் தாங்கும்: சுமார் 720 கிலோ. நனைந்த தாரில் எடையில் பாதிதான்: 400. தார் மேல் மெல்லிய மணல் படிந்திருந்தால் 280 அளவுக்கு இறங்கிவிடும்.

இப்போது இயந்திரத்தின் பக்கம். 300 நியூட்டன் மீற்றரை முதல் கியரும் பின் அச்சின் கியரும் சேர்ந்து 15 மடங்காக்கினால், இழப்பெல்லாம் போக, சில்லின் விளிம்பில் 1,250 கிலோவுக்கு மேல் தள்ளும். இரண்டாவது கியரில் சுமார் 700. மூன்றாவதில் சுமார் 420. அதாவது இரண்டாவது கியரில் முழுதாக மிதித்தால் காய்ந்த தார் மட்டும்தான் தாங்கும். நனைந்த தாரில் மூன்றாவது கியர்கூட விளிம்பில்தான் நிற்கிறது. மணல் படிந்த இடத்தில் எந்தக் கியரானாலும் மிதியின் அளவுதான் உங்களைக் காக்கும். வண்டி முன்னே பாயும்போது எடை சற்றுப் பின்னுக்குச் சாயும். அதனால் பின்சில்லுக்குக் கொஞ்சம் கூடுதல் பிடி கிடைக்கும். நனைந்த தாரில் அந்தக் கூடுதல் ஐம்பது கிலோவைத் தாண்டாது. அதை நம்பி மிதிக்க முடியாது.

இந்தக் கணக்கைப் பார்த்த பிறகும் பலம் கூட்டும் வேலைக்குக் காசு செலவழிப்பது எனக்குப் புரியவில்லை. இந்தத் தீவில் உங்கள் வண்டிக்கு இருக்கும் பலத்தில் பாதியைக்கூடத் தரை வாங்கிக்கொள்ளாத இடங்கள் உண்டு. செலவழிக்க வேண்டியது டயருக்கு. பழக்க வேண்டியது வலது காலை.

இன்னொன்றையும் மனத்தில் வைத்திருங்கள். டயரின் பிடி என்பது கோடையில் வீட்டுக்கு வந்த ஒரு குடம் தண்ணீர் மாதிரி. குளிக்க எடுத்தது குடிக்க மிஞ்சாது. வளைவதற்குச் செலவான பிடி முடுக்குவதற்குக் கிடைக்காது. பிரேக்குக்குச் செலவானது வளைவதற்குக் கிடைக்காது. பின்சில்லு வண்டியில் தள்ளும் வேலையும், வளைவில் வாலைத் தாங்கும் வேலையும் அதே இரண்டு டயர்களுக்குத்தான். ஆகவே ஸ்டியறிங் நேராகும் அளவுக்கே கால் இறங்க வேண்டும்.

டயர்

ஜப்பானிலிருந்து வந்த வண்டியை வாங்கியிருந்தால் முதலில் டயரின் பக்கச்சுவரைப் படியுங்கள். ‘ஸ்டட்லெஸ்’ என்று எழுதியிருந்தால் அது பனிக்காலத்துக்குச் செய்த டயர். கீழே நல்ல ஆழமான வெட்டுக்கள் தெரியும். புதிது போலவும் இருக்கும். ஆனால் அதன் இறப்பர் குளிருக்காக மென்மையாக வார்க்கப்பட்டது. மன்னார் வெயிலில் காய்ந்த தாரில் அது நெளியும், சீக்கிரம் தேயும், மழையில் நிற்க நீண்ட தூரம் எடுக்கும். வெட்டு ஆழத்தைப் பார்த்து மயங்காமல் கழற்றிவிடுங்கள்.

அடுத்து வயது. பக்கச்சுவரில் முட்டை வடிவ வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்தது. கரையோரம் வெயிலில் நிற்கும் வாகனத்தின் டயர் ஓடாமலே இறுகும். விரல் நகத்தை அழுத்திப் பார்த்தால் உள்ளே போகாத டயர் மழை வீதிக்கு ஆகாது. வெட்டுக்களின் அடியில் குறுக்கே சிறு மேடுகள் உண்டு, 1.6 மில்லிமீற்றரில் அவை மேற்பரப்போடு சமமாகும். அதுவரை காத்திருக்காதீர்கள். 3 மில்லிமீற்றருக்குக் கீழே வந்ததுமே தண்ணீரை வெளியேற்றும் திறன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மாரி தொடங்குமுன் மாற்றுவதுதான் சரி.

இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்க வசதி இருந்தால் அவற்றைப் பின்னால் பூட்டுங்கள். ஸ்டியறிங் இருப்பதால் முன்னுக்குத்தான் நல்ல டயர் என்று சில கடைகளில் சொல்வார்கள். முன்சில்லு வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பக் கேட்கும். பின்சில்லு வழுக்கினால் வண்டி சுழலும். பின்னால் இரண்டும் ஒரே கம்பனி, ஒரே வகை, ஒரே தேய்வாக இருக்கட்டும். அகலமான டயர் காய்ந்த தாரில் உதவும். தேங்கிய தண்ணீரில் அதுவே சீக்கிரம் மிதக்கும். வண்டியோடு வந்த அளவைவிட ஒரு படிக்கு மேல் அகலம் கூட்ட நான் சொல்லமாட்டேன்.

காற்றைக் காலையில், ஓடுமுன் பாருங்கள். வெப்பம் ஏறத்தாழ 5 அல்லது 6 பாகை கூடும்போது அழுத்தம் 1 பீஎஸ்ஐ கூடும். நண்பகலில் ஓடி வந்த சூட்டோடு பார்த்துக் காற்றைக் குறைத்தால் மறுநாள் விடியலில் டயர் தளர்ந்து நிற்கும். சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவே அளவு. பாரம் ஏற்றும் வானுக்கு இரண்டு அளவுகள் இருக்கும். வெறும் வானில் பாரத்துக்கான காற்றை அடைத்துக்கொண்டு ஓடுவதுதான் இங்கே அதிகம் பார்க்கும் தவறு. பின்பகுதி துள்ளும், டயரின் நடுப்பட்டை மட்டும் தரையைத் தொடும், பிடி குறையும்.

துள்ளலுக்கு இன்னொரு காரணம் ஷொக் அப்சோபர். பிக்கப்பிலும் வானிலும் பின்னால் இருப்பது வில்லுத் தகடு. ஷொக் செத்துவிட்டால் சில்லு தரையை விட்டு விட்டுத் தொடும். தொடாத கணத்தில் பிடி பூச்சியம். கிரவல் வீதியில் பின்பக்கம் மெல்ல மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

வெறும் வானில் இயந்திரம் முன் இருக்கைகளுக்கு அடியில். பின்னால் காலி இருக்கைகள்தான்; அதனால் பின் அச்சில் எடை குறைவு. மழைநாளில் தனியாக ஓடுபவர் இருக்கும் சுமையைப் பின் அச்சுக்கு நேர் மேலே வைத்துக் கட்டலாம். அச்சுக்கு வெகு பின்னால், கதவோரம் வைத்தால் அது வாலை வீசும் பாரமாகிவிடும். கூரையில் வைப்பது எந்த வகையிலும் உதவாது.

கால்

நின்ற இடத்திலிருந்து புறப்படும்போது, மணலோ மழையோ இருந்தால், இரண்டாவது கியரில் எடுங்கள். தானியங்கிக் கியர் உள்ள பழைய மார்க் டூ, கிரவுன் போன்ற சில ஜப்பானிய வண்டிகளில் ‘ஸ்னோ’ என்று ஒரு பொத்தான் இருக்கும். பனியே காணாத நாட்டில் அதை யாரும் தொடுவதில்லை. அது செய்வது இதைத்தான்: முதல் கியரைத் தவிர்த்துப் பலத்தை மெதுவாக அவிழ்த்துவிடுகிறது. பேசாலைச் சந்தியில் மணல் படிந்த ஓரத்திலிருந்து வீதிக்கு ஏற அதைவிட நல்ல உதவி இல்லை.

டர்போ டீசலில் ஒரு கவனம் தேவை. மிதித்த கணத்தில் பலம் வராது. டர்போ சுழலத் தொடங்கியதும் ஒரேயடியாக வரும். முந்திச் செல்ல வலப்பக்கம் எடுத்து, மிதித்து, மறுபடி இடப்பக்கம் சேரும் வேளையில்தான் அந்தப் பலம் வந்து சேர்கிறது. அதே வேளையில் இடப்பக்கச் சில்லு வீதியோர மணலில் ஏறியிருந்தால் என்ன ஆகும்? சாதாரண டிபரன்ஷியல் இரண்டு சில்லுக்கும் சமமான முறுக்குவிசையே கொடுக்கும். மணலில் உள்ள சில்லு எவ்வளவு தாங்குகிறதோ, அவ்வளவுதான் தாரில் உள்ளதற்கும். மணல் சில்லு வெறுமனே சுழலும். வண்டி உந்துவிசை இழந்து, வால் பக்கவாட்டில் நகரும். வழுக்கலைக் கட்டுப்படுத்தும் எல்எஸ்டி வகை டிபரன்ஷியல் இருந்தால் பலம் தாரில் உள்ள சில்லுக்குப் போகும். ஆனால் மழையில் இரண்டு சில்லும் ஒன்றாக வழுக்கினால் அதே எல்எஸ்டி வாலை வேகமாகத் திருப்பும். ஆகவே முந்துவதற்கான முடுக்கத்தை வண்டி நேராக இருக்கும்போதே முடித்துவிட்டு, மிதியை நிலையாக வைத்துக்கொண்டு பக்கம் சேருங்கள்.

வால் நகரத் தொடங்கினால் மிதியைச் சட்டென்று விடாதீர்கள். பாதி அளவுக்கு இளக்குங்கள். போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். வால் போகும் பக்கமே ஸ்டியறிங்கைத் திருப்புங்கள். வண்டி நேராகும்போது அதையும் உடனே நேராக்குங்கள். இரண்டாவது வீச்சில்தான் வண்டிகள் மதகுக்குள் இறங்குகின்றன. டிஆர்சி, விஎஸ்சி என்ற வழுக்கல் காப்புகள் வண்டியில் இருந்தால் தார் வீதியில் அவற்றை ஒருபோதும் அணைக்காதீர்கள். அவை உங்கள் காலைவிட வேகமானவை.

வீதியின் இடங்கள்

தீவுக்குள் நுழையும், 2010 இல் திறக்கப்பட்ட பாலத்திலும் தாம்போதியிலும் தொடங்குவோம். இருபுறமும் திறந்த நீர்; காற்றுக்குத் தடையே இல்லை. இந்தக் காற்றை நம்பித்தான் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகளோடு தம்பபவனிப் பண்ணை 2020 டிசெம்பரில் இயங்கத் தொடங்கியது. உயரமான ஹைஏஸை அதே காற்று பக்கத்திலிருந்து தள்ளும்போது, நேராகப் போகவே டயரின் பிடியில் ஒரு பங்கு செலவாகிறது. எதிரே வரும் பேருந்தின் மறைவு ஒரு கணம் காற்றை நிறுத்திவிட்டுத் திடீரென்று மறுபடி விடும். அந்தக் கணத்தில் மிதியைக் கூட்டாமல் கடப்பது நல்லது. வங்காலைச் சரணாலயத்துப் பறவைகளைப் பார்க்க ஓரம் கட்டுபவர்கள் சதுப்பு நிலத்துக்குள் சில்லை இறக்க வேண்டாம். மேலே உப்புப் பொருக்கு வெண்மையாகக் கெட்டியாகத் தெரியும், கீழே சேறு.

புகையிரதக் கடவைகள் அடுத்தவை. 2015 மார்ச் மாதம் தலைமன்னாருக்கு மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து தண்டவாளங்கள் பளபளப்பாக இருக்கின்றன. நனைந்த பளபளப்பான உருக்கில் டயருக்குப் பிடி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நின்று பார்த்து, மெதுவாக எடுத்து, சில்லு தண்டவாளத்தில் இருக்கும்போது முடுக்காமல், கூடியவரை செங்குத்தாகக் கடந்து செல்லுங்கள்.

பிறகு கழுதைகள். மன்னாரில் யாருக்கும் சொந்தமில்லாத கழுதைகள் கூட்டமாகத் திரிகின்றன. இரவில் வீதியிலேயே நிற்கும். ஹோர்ன் அடித்தாலும் அசையாது. பின்சில்லு வண்டியில் இது தனிச் சோதனை. கழுதையைக் கண்டதும் மிதியை விட்டுக்கொண்டே ஸ்டியறிங்கை வெட்டுவது எல்லோருக்கும் இயல்பாக வருகிறது. அப்போது எடை முன்னுக்குப் பாய, பின்சில்லு இலேசாகி, வால் விடுபடும். முதலில் நேராகச் சென்றபடியே பிரேக்கைப் பலமாக மிதியுங்கள். வேகம் விழுந்த பிறகு பிரேக்கை இளக்கி ஒதுங்குங்கள். ஊருக்குள் 50, வெளியே 70 என்ற சட்ட வரம்பு பகலில் சரி. இருட்டில், விளக்கு வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிற்க முடியாத வேகம் எதுவும் எனக்கு அதிகம்தான்.

மழையில் மிக ஆபத்தானது ஒக்டோபரில் விழும் முதல் மழையின் முதல் கால் மணி நேரம். மாதக்கணக்கில் படிந்த எண்ணெய், இறப்பர்த் தூள், புழுதி எல்லாம் சேர்ந்து சவர்க்காரம் போலாகும். பெருமழை பெய்து கழுவிய பிறகு பிடி கொஞ்சம் திரும்பும். அந்த முதல் தூறலில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்திவிடுவது நேர விரயமல்ல.

மணலில் இறங்கினால்

1924 இல் மல்கம் கெம்பல், வேல்ஸ் நாட்டுப் பென்டைன் கடற்கரை மணலில் மணிக்கு 235 கிலோமீற்றர் ஓடி உலக வேகச் சாதனை செய்தார். அங்கே கடல் வெகுதூரம் வற்றி, ஈரமான இறுகிய மணலை மைல் கணக்கில் விட்டுச் செல்லும். நமது கரையில் ஏற்றவற்று ஒரு மீற்றருக்கும் குறைவு. இறுகிய ஈரப்பட்டி ஒடுக்கம். அதற்கு மேலே உள்ளது முழுவதும் கால் புதையும் மணல். அதனால் கடற்கரையில் வண்டி ஓட்டிப் பார்க்கும் ஆசையை விட்டுவிடுங்கள். தலைமன்னாருக்கு அப்பால் உள்ள மணல்திட்டுக்கள் 2015 முதல் தேசியப் பூங்கா; அந்தப் பக்கம் சில்லே போகக் கூடாது.

ஆனால் ஒரு வாடிக்கோ, உறவினர் வீட்டுக்கோ போகும் ஒழுங்கை மணலாக இருப்பது இங்கே சாதாரணம். போகுமுன் அங்கே நிற்பவரைக் கேளுங்கள். “அண்ணை, இதால வான் இறங்குமோ?” என்று மட்டும் கேட்காமல், “திரும்பி ஏறுமோ?” என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு அவர் யோசித்தால் வண்டியை வீதியிலேயே விட்டுவிட்டு நடவுங்கள்.

போகத்தான் வேண்டும் என்றால் பின் டயர்களின் காற்றை 18 பீஎஸ்ஐ அளவுக்கும், முன் டயர்களின் காற்றை அதைவிடச் சற்றுக் கூடுதலான அளவுக்கும் இறக்குங்கள். டயர் நீளவாக்கில் பரந்து, புதையாமல் மேலேறும். வழுக்கல் காப்பை அணைக்க வேண்டிய ஒரே இடம் இதுதான். இல்லாவிட்டால் அது இயந்திரத்தை அடக்கி வண்டியை நடுவிலேயே நிறுத்திவிடும். இரண்டாவது கியரில், நிற்காமல், ஒரே சீராக, முன்னே போன வண்டியின் தடத்திலேயே ஓடுங்கள். கூர்மையாகத் திருப்பாதீர்கள்.

புதைந்துவிட்டால் மிதிப்பதை உடனே நிறுத்துங்கள். ஒவ்வொரு சுழற்சியும் குழியை ஆழமாக்கும்; பின் அச்சின் குடம் மணலில் தட்டிவிட்டால் பிறகு இழுக்க உழவு இயந்திரம்தான் வேண்டும். சில்லுக்கு முன்னும் பின்னும் கையால் மணலை வாரி, சரிவாக்கி, பனையோலையோ சாக்கோ பழைய வலையோ செருகுங்கள். மட்டையைப் போட்டால் கருக்கு டயரின் பக்கச்சுவரில் உரசாதபடி பாருங்கள். காற்றிறங்கிய டயரை அது கிழிக்கும். ஒரு பக்கச் சில்லு மட்டும் சுழன்றால், பின்சில்லில் இயங்கும் கைப்பிரேக்கை ஒன்றிரண்டு பல் மட்டும் இழுத்து வைத்து மெதுவாக மிதித்துப் பாருங்கள். சுழலும் சில்லு கொஞ்சம் தடைப்பட, மற்றதற்கும் விசை போகும். தள்ள வருபவர்கள் சில்லுக்கு நேர் பின்னால் நிற்க வேண்டாம்.

வீதிக்கு ஏறியதும் காற்றைத் திரும்ப அடியுங்கள். 1960களில் நாசாவின் ஆய்வாளர்கள் விமானச் சில்லுகளை வைத்துக் கண்ட விதி ஒன்று உண்டு: பீஎஸ்ஐயில் டயரின் அழுத்தத்துக்கு வர்க்கமூலம் எடுத்து 16.6 ஆல் பெருக்கினால், தண்ணீர் தேங்கிய பரப்பில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை கிலோமீற்றர் என்று வரும். 32 பீஎஸ்ஐக்கு அது சுமார் 94. மணலுக்காக இறக்கிய 18 பீஎஸ்ஐக்குச் சுமார் 70. தேய்ந்த டயருக்கும் ஆழமான நீருக்கும் இதை ஒரு மேல் வரம்பாகவே கொள்ளுங்கள். தார் வீதியில் தளர்ந்த டயர் சூடேறி வெடிக்கவும் கூடும். சிகரெட் லைட்டர் துளையில் பூட்டும் சிறு காற்றுப் பம்பு ஒன்றை வண்டியிலேயே வைத்திருங்கள். பேசாலைக்குப் போய் அடிக்கலாம் என்று எண்ணிப் புறப்படாதீர்கள். அன்று மாலையே நல்ல தண்ணீரால் சில்லுகளின் உட்பக்கத்தையும் பிரேக்கையும் வில்லுத் தகடுகளையும் கழுவி, கொஞ்சத் தூரம் ஓட்டிப் பிரேக்கை இரண்டு மூன்று தரம் மிதித்து உலர்த்திவிட்டு நிறுத்துங்கள்.